நாற்பது டன் லாரிக்கு மைனஸ் எடை

ஒரு மொழியில் எழுதிய ஃபங்ஷனை இன்னொரு மொழியிலிருந்து கூப்பிடும்போது வகை பொருந்தாவிட்டால் கம்பைலரே சொல்லிவிடும் என்பது பலரின் நம்பிக்கை. உண்மையில் கம்பைலரின் காவல் தன் மொழியின் எல்லையோடு முடிகிறது. சி நூலகம் கம்பைல் ஆனபின் வெளியே தெரிவது ஃபங்ஷனின் பெயர். அது என்ன வகை வாங்கும், என்ன வகை தரும் என்ற விவரம் அந்தப் பெயரோடு வராது.

நாமக்கல்லில் ஓர் எடைமேடையை எடுத்துக்கொள்வோம். சரக்கேற்றிய டிரெய்லர் லாரி 40,000 கிலோ காட்டுகிறது. சி நிரல் அதை மைனஸ் இல்லாத 16 பிட் எண்ணாக வைக்கிறது. 65,535 வரை இடம் உண்டு. பில் போடும் ஜாவா நிரல் அதே 16 பிட்டை ‘ஷார்ட்’ ஆக வாங்குகிறது. ஜாவாவின் ஷார்ட் 32,767-ஐத் தாண்டாது. திரையில் வருவது -25,536. ஒரு பிட்கூட மாறவில்லை, படித்த விதம்தான் மாறியது. காலி லாரியை ஏற்றிச் சோதித்தவருக்கு இந்தப் பிழை கண்ணில் படாது, அதுதான் இதில் ஆபத்து. ஜாவா 8 (2014) முதல் ஷார்ட்டை மைனஸ் இல்லாத எண்ணாக மாற்றித் தரும் வசதி உண்டு. அதை நிரலாளர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பெயர் ஒன்றானால் அளவும் ஒன்று என்பதும் தவறு. ஜாவாவின் ‘லாங்’ எப்போதும் 8 பைட். சி-யின் ‘லாங்’ 64 பிட் லினக்ஸில் 8, விண்டோஸில் 4.

எண்ணில்தான் சிக்கல், எழுத்தில் இல்லை என்பவர்கள் ‘நாமக்கல்’ என்று டைப் செய்து பார்க்கலாம். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. பைத்தான் 8 என்கிறது, புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியே எண்ணுவதால். யுடிஎஃப்-8 வடிவில் அதையே சி எண்ணினால் 24 பைட். பைத்தான் சொன்ன 8-ஐ நம்பி சி பக்கம் 8 பைட் மட்டும் நகலெடுத்தால் ‘நா’ முழுசாக வரும்; ‘ம’ மூன்றில் இரண்டு பைட்டோடு அறுந்து, திரையில் கேள்விக்குறிக் கட்டமாக நிற்கும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இதுவும் தெரியாது, அவற்றில் எழுத்துக்கு ஒரு பைட்தான்.

பைத்தானின் சிடைப்ஸ் வழியாகச் சி-யைக் கூப்பிடுவோருக்கு இன்னொன்று. திரும்பி வரும் வகையைச் சொல்லாவிட்டால் அது முழு எண் என்றே எடுத்துக்கொள்ளும். முட்டை விலையின் சராசரியைத் தசமத்தில் திருப்பித் தரும் ஃபங்ஷனாக இருந்தால் சம்பந்தமே இல்லாத ஓர் எண் வந்து விழும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல். ‘ரெஸ்டைப்’ என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.