பிரேஸ்கேர்டில் என்ற பெயர்

கேள்வி: தோட்டத் தொழிலாளர் வரலாற்றைப் படிக்கும்போது பிரேஸ்கேர்டில் துரை என்று ஒருவர் வருகிறார். வெள்ளைக்காரர்களில் இப்படியொரு பெயரை வேறெங்கும் கேட்டதில்லையே, எங்கிருந்து வந்தது?
– வாசகர், இரத்தினபுரி

பதில்: இங்கிலாந்திலும் இது அபூர்வமான பெயர்தான். வடமேற்கே செஷயர் பக்கத்துக் குடும்பங்களுக்கு உரியது. பழைய ஆங்கிலத்தில் 'பிரேக்' என்றால் காற்சட்டை, 'கிர்டெல்' என்றால் இடுப்புப்பட்டி. காற்சட்டை நழுவாமல் கட்டும் பட்டியைச் செய்தவரை ஊரார் அந்தப் பொருளைச் சொல்லியே கூப்பிட்டார்கள். தொழில் போன பிறகும் பெயர் பிள்ளைகளிடம் தங்கிவிட்டது. லண்டன் நாடக மேடையில் புகழ்பெற்று 1748இல் மறைந்த நடிகை ஆன் பிரேஸ்கேர்டில் இந்தப் பெயருக்குரியவர்.

ஆனால் நமக்கு முக்கியமானவர் மார்க் அந்தோனி பிரேஸ்கேர்டில். லண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவுக்குப் போன இந்த இளைஞர், 1936இல் மடுல்கெலையின் ரெலுகஸ் தோட்டத்துக்குத் துரை வேலை பழக வந்தார். லயங்களில் மக்கள் வாழ்ந்த நிலையை அவரால் பொறுக்க முடியவில்லை. தொழிலாளர் பக்கம் நின்றார், வேலை போயிற்று, லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் அவர் தோட்டத்துரைமாரைக் கண்டித்துப் பேசப் பேச, தொழிலாளர்கள் "சாமி, சாமி" என்று ஆரவாரித்தார்கள். துரைமார் தரப்பே இதை எழுதிவைத்திருக்கிறது. ஒரு வெள்ளைக்காரரே இப்படிப் பேசினால் தோட்டத்தில் தங்கள் அதிகாரம் என்னாகும் என்று அவர்கள் கலங்கியது இயல்புதான்.

ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். ஏப்ரல் 24ஆம் திகதி கப்பலேற வேண்டியவர் தலைமறைவானார். சட்டசபையில் ஆளுநருக்கு எதிராகக் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. அதற்காகப் போராடியவர்களில் ஒருவர் உங்கள் சப்ரகமுவாவைச் சேர்ந்த ருவன்வெல்லைத் தொகுதியின் உறுப்பினர் என்.எம். பெரேரா. மே 5ஆம் திகதி காலிமுகத்திடலில் பெருங்கூட்டத்தின் நடுவே பிரேஸ்கேர்டில் மேடையேறினார். பிறகு பிடிபட்டார். ஆட்கொணர்வு மனுவை விசாரித்த உயர் நீதிமன்றம் மே 18ஆம் திகதி அவரை விடுவித்தது. ஆளுநர் காட்டிய 1896ஆம் ஆண்டு அதிகாரம் போர் போன்ற நெருக்கடிக்கே உரியது, பேசியதற்காக ஒருவரை வெளியேற்ற அது உதவாது என்பதே தீர்ப்பின் சாரம். இந்த நாட்டில் பேச்சுரிமைக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன்.

யாருக்காக அவர் பேசினாரோ, அவர்களுக்கு அந்த நீதி கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பதினோரு ஆண்டுகளில், 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. இங்கேயே தங்கி, நாடற்றவராக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.