சதவீதத்தை விடுங்கள், பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 24 ஆண்டு பணியாற்றி 2017-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். இடுப்பில் டிஸ்க் விலகி இடது காலில் நரம்பு இழுக்கிறது. வலது முழங்காலில் டியூட்டியில் அடிபட்ட வலியும் உண்டு. ரிலீஸ் மெடிக்கல் போர்டு முதுகுக்கு 20 சதவீதம், முழங்காலுக்கு 10 சதவீதம் போட்டது. முதுகுக்கு எதிரே ‘என்ஏஎன்ஏ’ என்று எழுதி, ஊன ஓய்வூதியம் கிடையாது என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள். அப்போது மனுப் போடாமல் விட்டுவிட்டேன். இன்று கரும்புக் கொல்லையில் வரப்பேறி நடக்க முடியவில்லை. சென்ற மாதம் எடுத்த எம்ஆர்ஐயைக் காட்டிச் சதவீதத்தைக் கூட்டச் சொல்லலாமா ஐயா?
– முன்னாள் படைவீரர், மூங்கில்துறைப்பட்டு

பதில்: மேல்முறையீடு செய்யுங்கள். ஆனால் சதவீதத்தைக் கூட்டச் சொல்லி அல்ல. உங்கள் முதுகுக்குக் கொடுத்த எண் போதுமானதுதான். உங்களைத் தடுப்பது அதன் பக்கத்துக் கட்டத்தில் உள்ள அந்த நான்கு எழுத்து.

என்ஏஎன்ஏ என்றால், பட்டாளப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் முற்றியதும் இல்லை என்று பொருள். ஓய்வூதியக் கணக்குக்கு, பணியோடு தொடர்புள்ள ஊனத்தை மட்டும்தான் எடுப்பார்கள். உங்கள் முதுகு கழிந்ததால் மிஞ்சியது முழங்காலின் 10. குறைந்தது 20 இருந்தால்தான் ஓய்வூதியம். 20-க்குக் கீழே இருந்தால் இல்லை என்பதை எஸ்.பி. ரத்தோர் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. ஆகவே முழங்காலை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பயனில்லை. முதுகுதான் உங்கள் வழக்கு.

இதில் சட்டம் உங்கள் பக்கம் வலுவாக நிற்கிறது. சிக்னல்ஸ் பிரிவுச் சிப்பாய் தரம்வீர் சிங், வலிப்பு நோய்க்காக 1994-ல் வெளியே அனுப்பப்பட்டவர். அவர் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: படையில் சேரும்போது மருத்துவக் குறிப்பில் நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், ஆள் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் பணியால் வந்ததல்ல என்று காட்டும் பொறுப்பு அரசுடையது, வீரருடையது அல்ல. மெடிக்கல் போர்டு காரணம் எழுதியாக வேண்டும். ‘பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது’ என்று ஒரு வரி எழுதி முடித்திருந்தால் அது காரணமே ஆகாது. நோய்க்குக் காரணம் களப்பகுதியில் நேர்ந்ததா, அமைதிப் பகுதியில் நேர்ந்ததா என்பது முக்கியமில்லை என்று படை மருத்துவ விதிகளே (1983, பத்தி 423) சொல்கின்றன. ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்தவரின் முதுகை ஒரே வரியில் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே சமயம், லீவில் ஊருக்கு வந்தபோது விழுந்து அடிபட்டது போன்ற பதிவு உங்கள் கோப்பில் இருந்தால், அதற்கும் பதில் தயாராக இருக்க வேண்டும்.

முதுகு ஏற்கப்பட்டால் இரண்டும் சேர்ந்து 30 வரை வரலாம். 50-க்குக் குறைந்ததை 50 ஆக உயர்த்திக் கணக்கிடுவது உங்களைப் போலப் பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. சம்பளம் 40,000 என்றால் 30 சதவீத ஊனத்துக்கு 3,600 ரூபாய், 50 ஆக்கினால் 6,000. அகவிலைப்படி தனி. (2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வந்தவர்களுக்குப் புது விதிகள். இந்தக் கணக்கை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

புது எம்ஆர்ஐயை இப்போது முன்னால் வைக்காதீர்கள். அது இன்றைய முதுகைக் காட்டும். வழக்கோ 2017-ல் இருந்த முதுகைப் பற்றியது. ஊனம் ஏற்கப்பட்ட பிறகு, நிலைமை மோசமாகிவிட்டது என்று மறுபரிசோதனை போர்டு கேட்கும்போது அது உதவும். இப்போது வேண்டியவை பழைய தாள்கள்: சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனை, முதன்முதலில் முதுகு வலிக்காக எம்ஐ ரூம் போன தேதி, மிலிட்டரி ஆஸ்பத்திரிக் குறிப்புகள், லோ மெடிக்கல் கேட்டகிரி உத்தரவுகள், மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் முழு நகல். வெலிங்டன் ரிக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் கெடு, அது எப்போதோ போய்விட்டது. இருந்தாலும் தாமதத்துக்குக் காரணம் சொல்லி ரிக்கார்ட்ஸ் வழியாகவே மனு அனுப்புங்கள். மறுத்தாலோ, ஆறு மாதம் பதிலே வராவிட்டாலோ, சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தாமதத்தை மன்னிக்க அதற்கு அதிகாரம் உண்டு. ஓய்வூதியம் மாதந்தோறும் எழும் உரிமை என்பதால் பழைய வழக்குகளும் ஏற்கப்படுகின்றன. 1983-ல் படையிலிருந்து வெளியேறிய தர்சேம் சிங் 1999-ல்தான் நீதிமன்றம் போனார், ஓய்வூதியம் கிடைத்தது. ஆனால் நிலுவையை, நீதிமன்றத்தில் மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்றாண்டோடு நிறுத்திவிட்டது உச்ச நீதிமன்றத்தின் 2008 தீர்ப்பு. நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் கைவிட்டுப் போகலாம். எனவே தாள்கள் எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்காமல், கையிலுள்ள மறுப்புக் கடிதத்தை வைத்தே இந்த வாரம் மனுவை அனுப்புங்கள். மற்றவற்றைப் பின்னால் சேர்க்கலாம். மனு எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள்.