அல்லித் தொட்டிக்கு எந்த மண்?



நம் குடும்பங்கள் பலவற்றில் இப்போது முற்றத்திலோ மொட்டைமாடியிலோ ஒரு தொட்டி வைத்து அல்லி வளர்க்கிறார்கள். கிழங்கு எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். எந்த மண்ணில் வைப்பது என்று கேட்பவர் குறைவு. அதைக் கேட்காததால் நான் பட்ட நஷ்டத்தைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

நாகர்கோவில் பக்கம் என் தாயார் பிறந்த ஊரில் ஒரு சிறு குளம் இருந்தது. இரவில் மலர்ந்து காலை வெயில் ஏறியதும் கூம்பும் வெள்ளை அல்லி அதில் நிறைந்திருக்கும். குளத்தை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய் இரண்டு கிழங்குகளை எடுத்து வந்தேன். அடுத்த மாதம் குளம் இல்லை. கிழங்கு இரண்டுதான்.

முதல் கிழங்கை, கடையில் விற்கும் பூந்தொட்டிக் கலவையில் நட்டேன். தென்னை நார்த்தூள், மண்புழு உரம், சாணம் எல்லாம் கலந்த கறுப்பு மண். ரோஜாவுக்கு அருமையானது, அல்லிக்கும் அப்படித்தானே என்று நினைத்தேன். நார்த்தூள் மிதந்தது. நீர் டீ டிக்காஷன் நிறமானது. பத்து நாளில் அழுகிய முட்டை வாடை. விட்டிருந்த கப்பி மீன்கள் செத்து மிதந்தன. கிழங்கைத் தூக்கினால் கையோடு கூழாக வந்தது.

பக்கத்தில் நின்ற பேத்தி, "தாத்தா, இனி ஒண்ணுதானே இருக்கு?" என்றாள். அதன் பிறகுதான் மண்ணைப் பற்றி யோசித்தேன்.

நடந்தது இதுதான். இலை, நார், சாணம் போன்றவை நீருக்கடியில் மக்கும்போது நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. வாயு தீர்ந்ததும் நாற்ற வாயு உண்டாகிறது. மக்கிய சத்து மண்ணில் தங்காமல் நீரில் கசிந்து பாசிக்கு உணவாகிறது. தரையில் செடியை வளர்க்கும் அதே உரம், தண்ணீருக்குள் அதைக் கொல்கிறது.

அப்படியானால் எது நல்ல மண்? களி கலந்த கனமான வயல் மண். நான் ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். எங்களுக்குக் களிமண் பரம எதிரி. மழை பெய்து வண்டி ஓட ஓட, அடியிலுள்ள களி சேறாகி ஜல்லிக்குள் ஏறும்; தண்டவாளம் மட்டம் இறங்கும். நீரை வடிய விடாது, பிடித்துக்கொண்டே இருக்கும் என்பதுதான் அதன் மேல் எங்கள் புகார். அல்லிக்கு வேண்டியதோ அந்தக் குணம்தான். களியின் நுண்துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. அம்மோனியம், பொட்டாசியம் போன்ற சத்துகளை அவை பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கின்றன. மணல் அப்படிப் பிடிக்காது.

இவ்வளவு இறுகிய மண்ணில் வேர் மூச்சு முட்டாதா என்று கேட்கலாம். அல்லியின் இலைக்காம்பை நறுக்கிப் பாருங்கள். உள்ளே குழாய் குழாயாகத் துளைகள் தெரியும். இலை மேலே வாங்கும் காற்று அந்த வழியே வேர் வரை போகிறது.

இனி நம் ஊர் மண்ணுக்கு வருவோம். திருவனந்தபுரத்தில் வீட்டுக்குக் குழி தோண்டினால் பெரும்பாலும் கிடைப்பது வெட்டுக்கல் வகைச் செம்மண். இவ்வகைக் கல்லுக்கு 1807-இல் 'லேட்டரைட்' என்று புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பெயரிட்டது இதே கேரளத்தின் அங்காடிப்புரத்தைப் பார்த்துத்தான். இதில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதிகம். புளிப்புத் தன்மை உண்டு. சத்தைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு. புளிப்பைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். நீரில் மூழ்கிய நிலையில் சில வாரங்களில் அது தானாகவே குறையும். நெல்வயலிலும் இதுவே நடக்கிறது. சத்துக் குறைவுதான் குறை. ஆகவே செம்மண் மட்டும் போதாது. வயல் வண்டலோடு பாதிக்குப் பாதி கலக்கலாம்.

வயல் மண்ணை லாரியில் வாங்க வேண்டாம். 2008-ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நமக்கு வேண்டியது ஒரு வாளிதான். வெள்ளாயணிப் பக்கம் ஒரு விவசாயி வாய்க்கால் தூர் வாரிக் கரையில் போட்டிருந்த வண்டலைக் கேட்டு வாங்கினேன். பூச்சிமருந்து அண்மையில் தெளித்த வயல் என்றால் வேண்டாம், மீன் தாங்காது.

கிடைத்த மண்ணை இரண்டு விதமாகச் சோதிக்கலாம்.

1. ஈரமண்ணைப் பெருவிரலால் ஆள்காட்டி விரல் மேல் அழுத்தி நாடாவாகத் தள்ளுங்கள். உடனே உதிர்ந்தால் மணல் அதிகம். ஐந்து சென்டிமீட்டர் வரை அறாமல் வந்தால் நல்ல களி.

2. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் படியும். இரண்டு மணி நேரத்தில் வண்டல் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மேலே ஏதாவது மிதந்தால் அது மக்கும் பொருள், அரித்து எறிந்துவிடுங்கள்.

வெறும் களியாக இருந்தால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கழுவிய மணல் சேருங்கள். இல்லாவிட்டால் கட்டியாக இறுகிவிடும்.

நடும் முறை: 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரமுள்ள சட்டி போதும். அடியில் ஒரு கைப்பிடி எலும்புத்தூள். சாணம் போட்டே ஆகவேண்டும் என்பவர்கள், நன்கு மக்கி உலர்ந்ததை ஒரு கைப்பிடி, அடியில் மட்டும் போடலாம். மேலே மண்ணை நிரப்பி, நனைத்து, காற்றுக்குமிழி போக அழுத்துங்கள். கிழங்கின் முளை மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், புதைத்தால் அழுகும். மேற்பரப்பில் இரண்டு செ.மீ. கழுவிய பருமணல் பரப்புங்கள். சட்டியைச் சாய்த்து மெதுவாக இறக்குங்கள். முதலில் 15 செ.மீ. நீர், இலை வளர வளர 30 செ.மீ. வரை கூட்டலாம். தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் அவசியம். கொசு வராமல் இருக்கக் கப்பி மீனோ, நம்மூர் ஓடைகளில் உள்ள மானத்துக்கண்ணியோ விடுங்கள்.

இரண்டாவது கிழங்கை இப்படித்தான் நட்டேன். முதல் நாள் கலங்கிய நீர் நான்காம் நாள் தெளிந்தது. மூன்றாம் வாரம் முதல் இலை நீர்மட்டத்துக்கு வந்தது. ஆவணியில் ஒரு ராத்திரி பேத்தி கூப்பிட்டு எழுப்பினாள். குளத்தில் பார்த்த அதே வெள்ளை. எதிர்வீட்டு மலையாள அம்மா காலையில் எட்டிப் பார்த்து "ஆம்பல்!" என்றார். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை அடுக்கும்போது சொன்ன அதே பெயர். நாம் அல்லி என்கிறோம். அவர்கள் பழைய பெயரை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

இன்று என்னிடம் ஆறு சட்டிகள் இருக்கின்றன. கிழங்கு வேண்டுவோர் சங்கக் கூட்டத்தில் என்னிடம் சொல்லுங்கள், தருகிறேன். ஒரே நிபந்தனை: முதலில் மண்ணைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.