ஆடு கொடுத்தார்கள்... விளக்கு எரிந்தது!

தேனி மாவட்டம், பெரியகுளம் தாலுகாவில் வராக நதிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர் ஜெயமங்கலம். இந்தப் பக்கத்து மக்கள் நெய்யோடு தரிசிக்கப் போகும் தலம், தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயில். இங்கு கருவறைக் கதவு திறப்பதே இல்லை. மூடிய கதவுக்குத்தான் பூஜை! அம்பாளுக்கு உகந்தது நெய். பானை பானையாகச் சேரும் அந்த நெய்யை எறும்பும் ஈயும் அண்டாது என்பது பக்தர்களின் நம்பிக்கை.

இங்கே என்ன கொடுப்பது என்ற குழப்பமே இல்லை. மற்ற கோயில்களில்? கடை வாசலில் கண்ணில் பட்டதை வாங்கிவிடுகிறோம். அம்மனுக்குப் புடவை குவிகிறது. விளக்குக்கு எண்ணெய் இருப்பதில்லை.

நம் முன்னோர் இதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். இடையர் அவற்றை மேய்த்துப் பெருக்கிக்கொள்ளலாம். பதிலுக்குத் தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு செத்தாலும் குட்டி வந்து கணக்கை நிரப்பும். அதனால்தான் இவற்றுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர்! விளக்கை மட்டுமல்ல, அதற்கான வருமானத்தையும் பொறுப்பாளியையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

இன்றைய கட்டளைகளும் இதே வழிதான், ஆனால் வங்கி வைப்பு ஆடு போலக் குட்டி போடாது. 10,000 ரூபாய்க்கு 6 சதவிகித வட்டி என்றால் வருடத்துக்கு 600 ரூபாய், மாதத்துக்கு 50. இதில் தினசரி தீபம் எப்படி எரியும்? 'இந்தத் தொகையின் வட்டியில் வருடத்துக்கு எத்தனை நாள் நடத்துவீர்கள்?' என்று அலுவலகத்தில் கேளுங்கள். தாத்தா வைத்த பழைய கட்டளை இருந்தால், புதிதாக ஒன்று தொடங்குவதைவிட அதில் கொஞ்சம் சேர்ப்பதே மேல்.

அன்னதானத்துக்கும் இதே கணக்கு. அறநிலையத்துறைக் கோயில்களில் 2002-ல் தொடங்கிய மதிய அன்னதானம், 2012-ல் ஸ்ரீரங்கத்திலும் பழநியிலும் நாள் முழுக்க நடப்பதாக வளர்ந்தது. வெள்ளிக்கிழமைக்கும் பௌர்ணமிக்கும் உபயதாரர்கள் போட்டி போடுவார்கள். சாதாரண செவ்வாய், புதனில் வருபவருக்கும் பசி உண்டே! யாரும் எடுக்காத நாளைக் கேட்டு வாங்குங்கள்.

குலதெய்வக் கோயில் கிராமத்தில் இருக்கிறதா? பூசாரியிடம் முதலில் மின் கட்டணத்தையும் எண்ணெய்ச் செலவையும் விசாரியுங்கள். வெள்ளிக் கவசம் அப்புறம்.

வரிச் சலுகை எதிர்பார்ப்பவர்கள், அந்தக் கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ அதற்கான அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளவும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை; பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடையாது.

ரசீதில் 'நன்கொடை' என்று பொதுவாக எழுதினால், 'விளக்குக் கட்டளை' என்றோ 'அன்னதானம்' என்றோ மாற்றி எழுதச் சொல்லி, தேதியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.