அளவறிந்து கொடுக்க வேண்டிய மருந்து



அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர் நம் முன்னோர். இம்மொழிக்குச் சான்றாக விளங்கும் மருந்து டிகாக்ஸின். இதயம் தளர்ந்தவர்க்கும், இதயத் துடிப்பு ஒழுங்கின்றி விரைந்து ஓடுவோர்க்கும் மருத்துவர் இதைக் கொடுப்பதுண்டு. வீட்டில் பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் பல வேளைகளில் நாமே. ஆதலால் இதனைப் பற்றி நாம் அறிந்திருத்தல் நலம்.

மருந்து பிறந்த கதை

இங்கிலாந்தில் ஊதா நிறத்தில் மணி மணியாகப் பூக்கும் செடி டிஜிட்டாலிஸ். ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், உடலில் நீர் கோத்து வீங்கியவர்களை ஒரு மூலிகை மருந்தால் குணப்படுத்தி வந்தார். 1775-ஆம் ஆண்டில் அது பற்றி வில்லியம் விதரிங் என்ற மருத்துவரின் கருத்தைக் கேட்டனர். அதில் கலந்திருந்த இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகளுள் டிஜிட்டாலிஸ் இலையே பயன் தருவது என்று அவர் கண்டார். பத்து ஆண்டுகள் நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்து 1785-இல் நூல் வெளியிட்டார். வெற்றிகளை மட்டுமன்றித் தோல்விகளையும் மறைக்காமல் எழுதினார். குமட்டலோ நாடித் தளர்ச்சியோ தோன்றியதும் மருந்தை நிறுத்த வேண்டும் என்றும் எச்சரித்தார். அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியிலிருந்து டிகாக்ஸினை 1930-இல் பிரித்தெடுத்தவர் சிட்னி ஸ்மித்.

வேலை செய்யும் விதம்

இதயத் தசையின் உயிரணுக்களிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் ‘பம்பு’ ஒன்று உண்டு. டிகாக்ஸின் அதைத் தடுக்கிறது. அதனால் உயிரணுவினுள் கால்சியம் கூடி, தசை வலுவாகச் சுருங்குகிறது. மேலும், இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின் தூண்டலை இம்மருந்து தாமதப்படுத்துவதால் துடிப்பும் நிதானமடைகிறது.

ஆபத்து எங்கே?

குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது. இதயத் தளர்ச்சி உள்ளவர்க்கு இரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை இருந்தால் போதும். இம்மருந்தை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகமே. முதுமையில் சிறுநீரகம் தளரும்போது மருந்து உடலில் சேர்ந்துவிடும். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகளாலும், வாந்தி பேதியாலும் பொட்டாசியம் குறைந்தால், வழக்கமான அளவே தீங்கு செய்யலாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. மாத்திரை கொடுக்குமுன் பாட்டியைச் சற்று நேரம் ஓய்வாக அமரச் செய்து, முழுமையாக ஒரு நிமிடம் நாடியை எண்ணுக. கட்டைவிரலால் எண்ணக் கூடாது. அதிலும் துடிப்பு உண்டு.

2. பெரியவர்க்கு நாடி 60-க்குக் குறைந்தாலும், புதிதாக ஒழுங்கு தவறினாலும் மாத்திரையை நிறுத்தி வைத்து உடனே மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

3. பசியின்மை, குமட்டல், மனக்குழப்பம், பொருள்கள் மஞ்சளாகத் தெரிதல் ஆகியவற்றை ‘வயதின் கோளாறு’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். இவை மருந்து மிகுந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

4. ஒரு வேளை மறந்தால் மறுவேளை இரண்டாகக் கொடுக்கக் கூடாது. சில மருத்துவர் வாரத்தில் 5 நாட்கள் மட்டும் உட்கொள்ளச் சொல்வர். அந்நாட்களை நாட்காட்டியில் குறித்து வைக்கவும்.

5. இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதிப்பதாயின், மாத்திரை உட்கொண்டு குறைந்தது 6 மணி நேரம் கழித்தே இரத்தம் எடுக்க வேண்டும். சிறுநீரகச் சோதனையும் பொட்டாசியச் சோதனையும் மருத்துவர் சொல்லும்போது தவறாமல் செய்ய வேண்டும்.

6. வேறொரு மருத்துவரிடம் சென்றால் பழைய மருந்துச் சீட்டையும் காட்டவும். சில மருந்துகள் டிகாக்ஸினின் அளவை உயர்த்திவிடும்.

நம் ஊர்த் தோட்டங்களில் பூக்கும் அரளியிலும் இத்தகைய நச்சுப்பொருள் உண்டு. சிறு குழந்தைகள் அதை வாயில் வைக்காமல் பார்த்துக் கொள்வதும் நம் பொறுப்பே.

நோயுற்றோரைப் பேணுதல் இறைவனுக்கே செய்யும் தொண்டு என்று நம் அருட்சகோதரிகள் கற்பிக்கின்றனர். அத்தொண்டுக்கு அன்பு மட்டும் போதாது, கவனமும் வேண்டும். ஒரு நிமிடம் பொறுமையாக நாடி பார்க்கும் சிறு விரல்கள் ஓர் உயிரைக் காக்கக் கூடும் என்பதை நினைவிற் கொள்வோமாக!