வறட்சியும் விவசாய நிவாரணமும்: சிமரோன் கவுண்டி, 1933–1936

"அரசாங்கம் நிவாரணம் வழங்கியது" என்ற ஒரே வரி முழுமையான விடையாகாது. எவ்வளவு, எந்த நிபந்தனையில், யாருடைய கைக்கு என்பவற்றையும் எழுதுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் ஒரு கிராமியப் பிரதேசத்தைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

1. பின்னணி

சிமரோன், ஒக்லஹோமா மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள கவுண்டியாகும். (கவுண்டி: மாநிலத்தின் உட்பட்ட நிருவாகப் பிரிவு.) கோதுமைச் செய்கையும் மாடு வளர்ப்புமே இங்கு பிரதான தொழில்கள். அமெரிக்காவில் 1929இல் ஏறத்தாழ 1 டொலராக இருந்த ஒரு புசல் கோதுமையின் விலை, 1932இல் 40 சதத்திலும் குறைந்தது. அதனுடன் வறட்சியும் சேர்ந்தது. புல்வெளிகள் உழப்பட்டிருந்தமையால் மண் காற்றோடு பறந்தது. 1935 ஏப்பிரல் 14ஆம் திகதி வீசிய புழுதிப்புயல் "கறுப்பு ஞாயிறு" எனப்படுகிறது.

2. வழங்கப்பட்ட உதவிகள்

(அ) கோதுமைக் கொடுப்பனவு: ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில், 1933 மே மாதம் விவசாயச் சீராக்கல் சட்டம் நிறைவேறியது. பயிரிடும் பரப்பைக் குறைக்க உடன்பட்ட விவசாயிக்குப் பணம் வழங்கப்பட்டது.

(ஆ) மாடு கொள்வனவு: 1934இல் காங்கிரஸ் வறட்சி நிவாரணத்துக்கு 525 மில்லியன் டொலரை ஒதுக்கியது. கடும் வறட்சிக்குள்ளான கவுண்டிகளில் தீவனமின்றி மெலிந்த மாடுகளை அரசாங்கமே வாங்கியது. நாடு முழுவதும் 80 இலட்சத்துக்கும் அதிகமான மாடுகள் வாங்கப்பட்டன. உண்ணத் தகாதவை கொல்லப்பட்டன. ஏனையவற்றின் இறைச்சி வறிய குடும்பங்களுக்குப் பகிரப்பட்டது.

3. பணம் யாருக்குச் சேர்ந்தது?

இதுவே பாடத்தின் முக்கிய பகுதியாகும். பல விவசாயிகள் தம் மாடுகளை ஈடுவைத்துக் கடன் பெற்றிருந்தனர். விலை முழுவதும் கடன் கொடுத்தவரிடம் போயிருந்தால் குடும்பத்துக்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே கொடுப்பனவு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட மாட்டுக்கு 12 முதல் 20 டொலர் வரை கிடைத்தது. இதில் 6 டொலர் விவசாயிக்கே உரியது. கடன் கொடுத்தவர் அதில் கைவைக்க முடியாது. மீதிக்கு அவர் உரிமை கோரலாம்.

தென் மாநிலங்களின் பருத்தி நிலங்களில் நிலைமை வேறு. அங்கு கொடுப்பனவின் பெரும்பகுதி நிலவுடைமையாளருக்கே சென்றது. பயிர்ப்பரப்புக் குறைந்ததால் குத்தகை விவசாயிகள் பலர் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

4. விளைவுகள்

• 1936 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரதான ஏற்பாடுகளைச் செல்லுபடியற்றதாக்கியது. அதே ஆண்டில், மண்ணைப் பாதுகாக்கும் விவசாயிக்குக் கொடுப்பனவு வழங்கும் புதிய சட்டம் வந்தது.
• சிமரோனின் சனத்தொகை 1930இல் 5,408; 1940இல் 3,654. நிவாரணம் பலரைத் தாங்கிப் பிடித்தபோதிலும் வெளியேற்றத்தை முற்றாகத் தடுக்கவில்லை.

மாதிரி வினா

"நிவாரணத்தின் பயன் தொகையில் மட்டும் தங்கியிருப்பதில்லை." விளக்குக.

விடைக் குறிப்பு: மாடு கொள்வனவில் ஒரு பகுதி விவசாயிக்கெனப் பாதுகாக்கப்பட்டமை, பருத்தி நிலங்களில் அத்தகைய பாதுகாப்பு போதாமையால் உழைத்தவரே இழந்தமை. இரண்டையும் ஒப்பிட்டு உமது முடிவை ஒரு வாக்கியத்தில் எழுதுக. ஒப்பீடின்றித் தரவுகளை மட்டும் அடுக்குவது விளக்கமாகாது.