யானைக்கால் நோயும் தேங்கிய நீரும்

நெசவாளிக்குத் தறியின் மிதியை அழுத்தக் கால் வேண்டும்; உழவனுக்குச் சேற்றில் இறங்கக் கால் வேண்டும். யானைக்கால் நோய் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை, பிழைப்பையே பறிக்கிறது. ஆகவே அது எவ்விடத்தில், எவரைப் பற்றுகிறது என்பதை நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

சில ஊர்த் தண்ணீரைக் குடித்தால் கால் வீங்கும் என்று முன்னாளில் பலர் நம்பினர். குடிக்கும் நீர் இதற்குக் காரணமன்று. நூலிழை போன்ற புழுக்கள் மனிதனின் நிணநீர்க் குழாய்களில் தங்கிக் குஞ்சு ஈனுகின்றன. அந்த நுண்புழுக்கள் நம் நாட்டில் பெரும்பாலும் இரவு வேளையிலேயே மேற்புற இரத்தத்தில் உலவும். 1872-இல் கல்கத்தாவில் டாக்டர் லூயிஸ் அவற்றை மனித இரத்தத்திற் கண்டார். சில ஆண்டுகளில் சீன நாட்டில் பணியாற்றிய டாக்டர் மான்சன், அவை கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். நுண்புழுவை உறிஞ்சிய கொசு, ஏறக்குறைய இரு வாரங்களில் நோயைப் பரப்பும் தகுதி பெறுகிறது.

எனவே, கொசு வளரும் நீரே இந்நோயின் எல்லையை வகுக்கிறது. புதுச்சேரியிலும் தமிழகத்தின் கடலோர மாவட்டங்களிலும் நோய் பரப்புவது க்யூலெக்ஸ் கொசு. அது சாக்கடை, மூடாத கழிவுநீர்த் தொட்டி, பாழ்கிணறு ஆகியவற்றின் அழுக்கு நீரில் முட்டையிடும். கேரளத்தின் சேர்த்தலையிலோ நிலைமை வேறு. அங்கே வேறொரு புழு. அதைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் குஞ்சு, குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து மூச்சு விடுகிறது. அங்கே குளத்துச் செடியை அகற்றுவது மருந்து. இங்கே சாக்கடையை ஓடவிடுவது மருந்து.

ஒரேயொரு கடியால் இந்நோய் வருவது அரிது. பல மாதங்கள், பல ஆண்டுகள் ஓயாது கடிபடுவோரையே இது பெரும்பாலும் பற்றுகிறது. கழிவுநீர் தேங்கும் தெருவில் வாழ்வோர், கொசுவலையின்றி உறங்குவோர் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி. புழு குழந்தைப் பருவத்திலேயே புகுந்துவிடலாம். வீக்கமோ பல்லாண்டுகள் கழித்தே தோன்றும். வெளிப்பார்வைக்கு நலமாக இருப்பவரின் இரத்தத்திலும் நுண்புழு இருக்கக் கூடும்.

சேதராப்பட்டைச் சுற்றிலும் புதுச்சேரிக் கிராமங்களும் தமிழகக் கிராமங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தொழிற்பேட்டைக்குப் பல ஊர்களிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். கொசுவுக்கு எல்லைக்கல் தெரியாது. ஓர் ஊர் மட்டும் சுத்தமாயிருந்து, அடுத்த ஊர் சாக்கடையைத் தேங்கவிட்டால் பயன் குறைவே.

கூட்டு முயற்சி பலன் தரும் என்பதற்குப் புதுச்சேரியே சான்று. 1975-இல் இங்கு நிறுவப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை நகரில் கொசு வளரிடங்களை ஒழிக்கும் திட்டத்தை நடத்தியது. கொசுக்கடி வெகுவாகக் குறைந்தது. சிறுவரிடம் நோய்த்தொற்றும் குறைந்தது. பின்னர் ஆண்டுக்கொருமுறை மாத்திரை வழங்கும் இயக்கமும் நடந்தது. அண்டை நாடான இலங்கை, இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக 2016-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது.

நாம் செய்யத்தக்கவை சிலவே. கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக் குழாய் வாயில் வலை கட்டுவோம். சாயக் கழிவையும் வீட்டுக் கழிவையும் தெருவில் தேங்க விடாதிருப்போம். குழித்தறியின் இருட்டில் பகலில் கொசு ஒதுங்குமாதலால் அவ்விடத்தை நாள்தோறும் பெருக்குவோம். கால் வீங்கியவர் காலைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, புண் வராமற் காத்தால் காய்ச்சலும் வலியும் தணியும். அவர்களை இகழாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் நம் கடமை. தனியொருவர் வீட்டு வாயிலைச் சுத்தம் செய்யலாம்; தெருச் சாக்கடையை ஓடச் செய்ய ஊரே கூட வேண்டும். கூடி உழைப்பதற்கென்றே சங்கம் கண்ட நமக்கு இது புதிய வேலையன்று.